புழுவிலிருந்து தொடங்குங்கள்: மலையகத்தில் ஒட்டுண்ணிக் குளவிகளை இனங்காண ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் குளவி என்றால் எல்லோருக்கும் பயம். பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போனவர்களைக் குளவி கொட்டி வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்ற செய்தி நமக்குப் புதிதல்ல, உயிர் போன வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தில் கோவா (முட்டைக்கோஸ்) பாத்திக்கு மேல் சுற்றித் திரியும் மூன்று மில்லிமீட்டர் கறுப்புப் பூச்சியையும் சேர்த்து அடித்துவிடுகிறோம். அது வந்தது கோவாவைத் தின்னும் புழுவுக்குள் முட்டையிட. இப்படி இன்னொரு பூச்சியில் முட்டையிட்டு, குஞ்சு அதையே தின்று வளரும் குளவிகளைத்தான் ஒட்டுண்ணிக் குளவி என்கிறோம். அதைக் கொன்றால் அடுத்த வாரம் புழுவுக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போக வேண்டியவர் நீங்கள்தான்.

இந்தப் பூச்சிகளை அடையாளம் காணப் பழக நான் நிறையவே அலைய வேண்டியிருந்தது. இணையத்தில் கிடைக்கும் படங்கள் அநேகமாக ஐரோப்பா, அமெரிக்காவில் எடுத்தவை. தமிழில் கிடைத்ததோ பாடப்புத்தகத்தில் வரும் இரண்டு வரி. பூச்சியைப் போத்தலில் போட்டு யாரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர்கள் முதலில் கேட்டது, "இது எதிலிருந்து வந்தது?" என்பதுதான். பறக்கும் குளவியைத் துரத்திப் பிடித்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புழுவை எடுத்து வளர்த்தவர் உடனே சொல்லிவிடுவார். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் புழுவின் பக்கமிருந்தே போகிறது. வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள், மரக்கறி செய்பவர்கள், தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், உயர்தரத்தில் விவசாயமும் உயிரியலும் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் செய்யக்கூடிய வேலைதான்.

1. கிளம்பும் முன்: எந்தக் கூட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது

ஒட்டுண்ணிக் குளவிகள் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்வதில்லை. ஒவ்வொன்றும் தனியாகத் திரியும். காவல் காக்கக் கூடு இல்லாததால் கூட்டமாக வந்து கொட்டுவதும் இல்லை. கூடு ஒன்று கண்ணில் பட்டால், அதில் பல பூச்சிகள் போய்வந்துகொண்டிருந்தால், நீங்கள் தேடுவது அங்கே இல்லை. திரும்பிவிடுங்கள்.

ஆபத்தானவை இரண்டு. ஒன்று, உயரமான மரக்கிளையிலோ பாறை முகட்டிலோ தொங்கும் பெரிய ஒற்றை அடை. அதன் மேல் பூச்சிகள் அடுக்கடுக்காக மூடியிருக்கும். அது பெருந்தேனீ. தோட்டங்களில் "குளவி கொட்டு" என்று சொல்லப்படும் சம்பவங்கள் பல உண்மையில் இந்தத் தேனீயுடையவைதான். மற்றது, மரத்திலோ புதருக்குள்ளோ சாம்பலும் மண்ணிறமுமாகக் கடதாசிப் பந்து கட்டும் பெரிய குளவி. தேயிலைச் செடியின் அடியிலும் மண் பொந்திலும்கூடக் கட்டுகிற குளவிகள் உண்டு. தெரியாத மலையில் இறங்குவதானால் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். எந்த நம்பர் மலையில் கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கொட்ட ஆரம்பித்தால் கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்ஸ் சேவை இலவசம். காத்திருந்து பார்க்கக்கூடிய விஷயம் இல்லை இது.

ஒட்டுண்ணிக் குளவிகளில் கையால் பிடித்தால் குத்தக்கூடியவை சில உண்டு, முக்கியமாக இரவில் விளக்குக்கு வரும் செம்மஞ்சள் நிறப் பெரிய குளவிகள். குத்தினால் கொஞ்ச நேரம் வலிக்கும். வெறுங்கையால் பிடிக்காமல் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

2. வேண்டிய பொருட்களும் செலவும்

காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 10 மடங்கு பெருக்கும் சிறிய கைக்கண்ணாடி. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதே லூப் போதும். சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை இருக்கிறது, தொடக்கத்துக்கு மலிவானதே போதும். கடைக்காரர் 40 மடங்கு, 60 மடங்கு என்று எழுதியதைக் காட்டி விலை சொல்வார். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெருக்கம் கூடக்கூடப் பார்க்கும் வட்டம் சுருங்கி இருண்டுபோகும், அசையும் பூச்சியை அதற்குள் பிடித்து வைக்கவே முடியாது. போனில் மாட்டும் மெக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். லூப்பைப் போன் கெமராவுக்கு முன்னால் பிடித்தே படம் எடுக்கலாம்.

மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவை. காலி ஜேம் போத்தல்கள், யோகட் கோப்பைகள், டிஷ்யூ, ரப்பர் வளையம், பென்சில், சின்னத் தூரிகை, மூடுவதற்குத் துணி. இந்தத் துணியில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. நுளம்பு வலையை வெட்டிக் கட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர் குளவிக்கு அந்த ஓட்டை தாராளம், இரவோடு இரவாக எல்லாம் வெளியே போய்விடும். காலையில் வெறும் கூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று போத்தலைக் கழுவி வைத்துவிடுவீர்கள். பழைய வேட்டித் துண்டு, மஸ்லின், நைலோன் காலுறையை இரண்டு மடிப்பாக: இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாவியுங்கள்.

மாதிரியை வைத்துக்கொள்ள பார்மசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்னப் போத்தல் போதும். தூய எதனாலைத் தேடி அலையாதீர்கள். அது மதுவரிக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாங்க முடியாது.

3. அனுமதியும் பத்திரங்களும்

உங்கள் வீட்டுத்தோட்டத்தில் புழு பொறுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தேயிலை மலையில் என்றால் தோட்ட முகாமையாளரிடம் கேட்க வேண்டும். பாடசாலை வேலையாக இருந்தால் அதிபரின் கடிதம் ஒன்றைக் கொண்டுபோங்கள், பேச்சு லேசாக முடியும். அப்போதே எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உடம்புக்கும் முக்கியம். அதோடு, மருந்து அடித்த மலையில் குளவி இல்லை என்று எழுதி வைத்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

காட்டில் நிலைமை வேறு. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா, ஹக்கலை இயற்கை ஒதுக்கு போன்ற இடங்கள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. பூங்காவுக்குள் போட்டோ எடுக்கலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு எறும்பைக்கூடப் போத்தலில் போடக்கூடாது. வன ஒதுக்குகளுக்கு வனத் திணைக்களத்திடம் போக வேண்டும். ஆய்வு அனுமதி எடுப்பதானால் ஆய்வுத் திட்டத்தை எழுத்தில் வைத்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், பல்கலைக்கழகம் போன்ற நிறுவனம் ஒன்றின் துணையும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். புதிதாகப் பழகுபவருக்குக் காடு தேவையே இல்லை என்பது என் எண்ணம். பத்துக் கோவாச் செடியும் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு வருடத்துக்குப் போதிய வேலை தரும்.

ஒரு எச்சரிக்கை. படங்களை இணையத்தில் போட்டால் வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பாக எழுதி, மாதிரியைத் தபாலில் அனுப்பச் சொல்லக்கூடும். அனுப்பாதீர்கள். அனுமதியில்லாமல் உயிரின மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். கேட்பவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் பிடிபடுவது நீங்கள்தான்.

4. எப்போது பார்ப்பது

தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவ மழை மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை விடாது. அந்தக் காலத்தில் தேடப் போனால் நனைந்துதான் வர வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இது தலைகீழ். அங்கே வருடக் கடைசி மழை ஓய்ந்த பிறகும், ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் வெயில் உண்டு.

நேரம் என்றால் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே பனி விலகி வெயில் ஏறும்வரை பூச்சி அசையாது. ஆனால் படம் எடுக்க அந்தக் குளிர் நேரமே வசதி. இலையில் விறைத்து உட்கார்ந்திருக்கும் குளவி லென்ஸை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனாலும் ஓடாது.

பூவிட்ட கொத்தமல்லிப் பாத்தி இருந்தால் அங்கே கால் மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் குளவிகளுக்கு வாய் சின்னது, ஆழமான பூவில் தேன் எடுக்க முடியாது. கொத்தமல்லி, கரட், பெருஞ்சீரகம் போன்ற திறந்த சின்னப் பூக்களைத் தேடி வரும்.

5. செடியில் தேட வேண்டிய அடையாளங்கள்

இந்தப் பகுதியை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டால், ஒரு குளவியைக்கூடக் காணாமலே உங்கள் தோட்டத்தில் குளவி வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

*அழுக்கணவன் கூட்டத்தில் உப்பிய உடல்கள்.* கோவா இலையைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிற அழுக்கணவன் (அசுவினி என்றும் சொல்வார்கள்) கூட்டமாக ஒட்டியிருக்கும். அவற்றுக்கு நடுவில் ஒன்றிரண்டு மற்றவற்றை விடப் பருத்து, உருண்டு, காய்ந்த மண்ணிறத்தில் இருக்கும். ஊசி முனையால் தொட்டால் அசையாது, இலையோடு ஒட்டியே கிடக்கும். அது செத்த அழுக்கணவனின் தோல். உள்ளே குளவியின் குஞ்சு அழுக்கணவனைத் தின்று முடித்துவிட்டுக் கூட்டுப்புழுவாக இருக்கிறது. சில இனங்களில் இந்தத் தோல் மண்ணிறமாக இல்லாமல் கறுப்பாக இருக்கும். குளவி வெளியே போயிருந்தால் பின்புறத்தில் வட்டமான ஓட்டை தெரியும், சிலவேளை வெட்டிய மூடி அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டையின் விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் வந்தது அழுக்கணவனைக் கொன்ற குளவி. விளிம்பு கடித்துப் பிய்த்ததாகத் தெரிந்தால், அந்தக் குளவியையே தின்று வளர்ந்த இரண்டாவது குளவி வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

*புழுவின் முதுகிலும் பக்கத்திலும் வெள்ளைக் கூடுகள்.* பெரிய புழு ஒன்றின் முதுகில் அரிசியை ஒட்டி வைத்த மாதிரி வெள்ளைக் கூடுகளைக் கண்டால், "ஐயோ, முட்டை போட்டிருக்கு" என்று நசுக்குவதுதான் வழக்கம். புழு முட்டை போடாது, முட்டை போடுவது அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும். அந்த வெள்ளைக் கூடுகள் புழுவுக்குள் வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, பட்டு நூல் சுற்றிக்கொண்ட குளவிக் குஞ்சுகள். கொட்டீசியா என்ற பேரினத்துக் குளவிகள் இப்படிச் செய்பவை. புழு இன்னும் உயிரோடு இருக்கலாம். ஆனால் பிழைக்காது.

கோவாவில் வரும் வைரமுதுகுப் புழு மிகச் சின்னது. அதிலிருந்து பொதுவாக ஒரு குளவிதான் வரும், ஒரு கூடுதான் இருக்கும். இங்கேதான் குழப்பம், ஏனென்றால் வைரமுதுகுப் பூச்சியும் அதே இலையில் கூடு கட்டும். லூப் வைத்துப் பாருங்கள். பூச்சியின் கூடு இடைவெளி விட்டுப் பின்னிய வலை, உள்ளே பச்சையோ மஞ்சளோ ஆன கூட்டுப்புழு தெளிவாகத் தெரியும். கொட்டீசியாவின் கூடு இறுக்கமான வெள்ளை, உள்ளே ஒன்றும் தெரியாது. வலைக்குள்ளேயே இன்னொரு மங்கலான, முனை உருண்ட கூடு இருந்தால் அது வேறொரு வகைக் குளவி. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகியவர் மருந்துச் செலவில் பாதியைப் பற்றி யோசித்து முடிவெடுக்க முடியும்.

*கறுத்த முட்டைகள்.* கறிவேப்பிலையிலும் தேசி இலையிலும் வண்ணத்துப்பூச்சி இடும் உருண்டை முட்டை மஞ்சளாக இருக்கும். ட்ரைக்கோகிராமா என்ற அரை மில்லிமீட்டர் குளவி உள்ளே முட்டையிட்டிருந்தால் சில நாட்களில் முட்டை முழுவதும் ஒரே சீராகக் கறுத்துவிடும். பொரிக்கப் போகும் நல்ல முட்டையும் இருளும். ஆனால் அதில் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தனியே தெரியும்.

*ஓட்டை விழுந்த கூட்டுப்புழு.* வண்ணத்துப்பூச்சி வெளியே வந்த கூடு தலைப்பக்கம் பிளந்திருக்கும். பக்கவாட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் வந்தது குளவி. ஒரு பெரிய ஓட்டையா, பல சின்ன ஓட்டைகளா என்று குறித்துக்கொள்ளுங்கள். பல என்றால் ஒரே கூட்டில் டசின் கணக்கில் சின்னக் குளவிகள் வளர்ந்திருக்கும்.

*இலைக்குள் சுரங்கம்.* உருளைக்கிழங்கு, போஞ்சி இலைகளில் வெள்ளைக் கோடு கோடாக ஓடும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கோட்டின் முடிவில் புழு தெரியும். அது மஞ்சளாக இருந்து அசைந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கி, பக்கத்தில் கறுப்புக் கூட்டுப்புழு ஒன்று கிடந்தால் குளவி முந்திவிட்டது.

*தேயிலையில்* இரண்டு மூன்று இலைகளை ஒட்டி உள்ளே இருக்கும் டோட்ரிக்ஸ் புழுவின் கூட்டைப் பிரித்துப் பாருங்கள். புழுவின் இடத்தில் பட்டுக் கூடு இருந்தால் அதை அப்படியே போத்தலில் எடுங்கள். டோட்ரிக்ஸை அடக்க 1935–36 இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹொமொனே என்ற குளவியைக் கொண்டுவந்து நம் மலைகளில் விட்டார்கள். இன்று அந்தப் புழு பெரிய தலைவலியாக இல்லாததற்கு அந்தக் குளவியே முக்கிய காரணம்.

6. போத்தலில் வைத்து வளர்த்தல்

ஒரு போத்தலுக்கு ஒரு புழு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐந்து புழுவை ஒன்றாகப் போட்டால் வெளியே வரும் குளவி எதிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போத்தலின் அடியில் மடித்த டிஷ்யூ ஒன்றை வையுங்கள். எந்தச் செடியிலிருந்து எடுத்தீர்களோ அதே செடியின் இலையைத் தினமும் மாற்றிக் கொடுங்கள். சந்தையில் வாங்கிய கோவாவின் இலையைப் போடாதீர்கள், அதில் மருந்து இருக்கலாம். அழுக்கணவன் என்றால் உப்பிய உடல்கள் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி, உயிருள்ளவற்றைத் தூரிகையால் தள்ளிவிட்டு வையுங்கள். கூடுகளை இலையிலிருந்து பிய்க்க வேண்டாம், இலையோடே வெட்டி எடுங்கள்.

மலையகத்தில் வளர்ப்பைக் கெடுப்பது ஈரம். இரவுக் குளிரில் போத்தலின் உள்பக்கம் வியர்க்கும், இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். தினமும் காலையில் டிஷ்யூவை மாற்றி, உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் புகை படும் இடமும் கூடாது. ஜன்னலுக்குத் தள்ளி, வெளிச்சம் மட்டும் வரும் தட்டு நல்லது. எறும்பு வராமல் போத்தலைத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில் நிறுத்துங்கள்.

எத்தனை நாள்? உப்பிய அழுக்கணவனிலிருந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் வந்துவிடும். வெள்ளைக் கூட்டிலிருந்து பதுளை மாதிரி இடத்தில் ஒரு வாரத்துக்குள், நுவரெலியாக் குளிரில் அதைவிடக் கூட நாள் பிடிக்கும். புழுவாக எடுத்தால் மூன்று வாரம்கூட ஆகலாம். அவசரப்பட்டுக் கூட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது செத்துவிடும், பாதி வளர்ந்த குளவியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவும் முடியாது.

நடுவில் புழு சாப்பாட்டை நிறுத்தும், நிறம் வெளிறும், மந்தமாகும். நல்ல அறிகுறி. அது கறுத்து, தொங்கி, நீராக வடிந்தால் நோய் கண்டு செத்திருக்கிறது. அந்தப் போத்தலை வெந்நீரில் கழுவுங்கள். காலில்லாத வெள்ளைப் புழு வெளியே வந்து செம்மண்ணிறப் பீப்பாய் வடிவக் கூடாக இறுகினால் வரப்போவது ஒட்டுண்ணி ஈ. அதுவும் நமக்கு உதவி செய்வதுதான், ஆனால் குளவி இல்லை.

7. வெளியே வந்ததைப் பார்த்துப் பிரித்தல்

போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் பூச்சி அடங்கி நிற்கும். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் இறக்கை. குளவிக்கு நான்கு, ஈக்கு இரண்டு. குளவியின் பின்னிறக்கை சின்னது, முன்னிறக்கையோடு கொக்கி போட்டுப் பிடித்திருப்பதால் பார்வைக்கு இரண்டாகவே தெரியும். பூவில் அந்தரத்தில் நின்று பறக்கும் மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட ஈக்களைக் குளவி என்று நம்பிவிடுவது இதனால்தான். அந்த ஈக்குக் கண் தலை முழுவதையும் நிறைத்திருக்கும், உணர்கொம்பு கட்டையாக இருக்கும்.

அடுத்தது இடுப்பு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒடுங்கியிருக்க வேண்டும். ஒடுங்கிய இடத்தில் முடிச்சு மாதிரி ஒரு கணு எழுந்து நின்றால் அது மழைக்குப் பிறகு வரும் இறக்கை முளைத்த எறும்பு.

பிறகு உணர்கொம்பு, வால்பக்கம், இறக்கை நரம்பு. இவற்றை வைத்துக் கீழே உள்ள குடும்பங்களில் ஒன்றில் சேர்க்கலாம்.

இக்னூமன் குடும்பம்: மெலிந்த நீள உடல், உடலளவு நீளமான உணர்கொம்பு, அதை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே நடக்கும். பல இனங்களில் பெண்ணுக்குப் பின்னால் முட்டையிடும் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பயப்படுகிறார்கள், அது புழுவைத் துளைப்பதற்கான கருவி. சாந்தோபிம்ப்லா என்ற பேரினத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்: பளிச்சென்ற மஞ்சள் உடல், வயிற்றின் வளையங்களில் இரண்டிரண்டாகக் கறுப்புப் பொட்டு. இரவில் வாசல் விளக்குக்கு வரும் செம்மஞ்சள் குளவிகளும் இந்தக் குடும்பம்தான்.

பிராக்கன் குடும்பம்: பொதுவாகச் சின்னவை, பெரும்பாலும் கறுப்பு அல்லது மண்ணிறம். கொட்டீசியாவும் அழுக்கணவனுக்குள் வளர்பவையும் இதில் அடங்கும். இக்னூமனிலிருந்து பிரிக்க முன்னிறக்கையின் வெளிப்பாதியைப் பாருங்கள். நடுவிலிருந்து கீழ் விளிம்பை நோக்கி இறங்கும் குறுக்கு நரம்பு இரண்டு இருந்தால் இக்னூமன், ஒன்றுதான் என்றால் அநேகமாகப் பிராக்கன். முதலில் கண்ணுக்குப் பிடிபடாது, நாலைந்து இறக்கை பார்த்த பிறகு பிடிபடும்.

சால்சிட் கூட்டம்: பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். பச்சை, நீலம் என்று மினுங்கும். உணர்கொம்பு முழங்கையாக மடிந்திருக்கும். இறக்கையில் முன் விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு மட்டும், மற்றதெல்லாம் வெறுமை. கூட்டுப்புழுக்களிலிருந்து வரும் பிராக்கிமீரியா இதில் கொஞ்சம் பெரியது, பின்கால் தொடை உருண்டு பருத்திருப்பதால் லூப் இல்லாமலே தெரியும். சிவப்புக் கண் உள்ள அரை மில்லிமீட்டர் ட்ரைக்கோகிராமாவும் இந்தக் கூட்டம்தான்.

ஈவேனியா: இதைச் செடியில் தேட வேண்டாம், வீட்டுச் சுவரிலேயே இருக்கும். முழுக் கறுப்பு, நீண்ட பின்கால், வயிறோ உடம்புக்குப் பொருந்தாத அளவு சின்னதாய்த் தட்டையாக மேலே நிமிர்ந்து மேலும் கீழுமாக ஆடும். அது தேடி வருவது கரப்பான் பூச்சியின் முட்டைப் பையை. வீட்டுக்குள் கண்டால் மருந்து அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

குடும்பம்வரை போனால் போதும். இனப்பெயர் சொல்ல நுணுக்குக்காட்டியும் அதிலேயே பல வருடம் வேலை செய்த ஒருவரும் வேண்டும். போன் செயலிகள் ஒரு நொடியில் இனப்பெயர் சொல்லும். அது வட அமெரிக்காவில் மட்டும் வாழும் இனமாக இருக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் இலவசம், நல்ல செயலி. ஆனால் அது சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் குடும்பப் பெயரோடு நிறுத்திப் பதிவிடுங்கள். வீட்டில் எடுத்த படம் என்றால் இடத்தை மறைத்துக் காட்டும் தெரிவும் அதில் உண்டு.

8. படம், குறிப்பு, மாதிரி

மூன்று படம்: பக்கவாட்டில் இடுப்பும் ஊசியும், மேலிருந்து இறக்கை, முன்னாலிருந்து முகமும் உணர்கொம்பும். பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள். புழுவையும் இலையையும் தனியாகப் படம் எடுங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள்.

படம் எடுத்த பிறகுதான் ஸ்பிரிட்டில் போட வேண்டும், ஏனென்றால் அதில் நிறம் மங்கிவிடும். துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள். பேனாவால் எழுதினால் மை கரைந்து, வெறும் நீலத் தண்ணீரில் பெயரில்லாத பூச்சி மிதக்கும். எழுத வேண்டியது: புழு எடுத்த திகதி, குளவி வந்த திகதி, ஊர், உயரம், செடி, புழுவின் பெயர் அல்லது வர்ணனை. "கந்தப்பளை, வீட்டுத்தோட்டம், கோவா, வைரமுதுகுப் புழு, ஒற்றை வெள்ளைக் கூடு" என்று இவ்வளவு இருந்தால் பார்க்கும் நிபுணருக்குப் பாதி வேலை முடிந்தது.

9. யாரிடம் கேட்பது

முதலில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர். கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் எந்த நாளில் இருப்பார் என்று சொல்வார்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவைக்கு 1920 இலக்கத்தில் பேசலாம். மரக்கறிப் பூச்சிகளுக்குச் சீதாஎலிய, பண்டாரவளை ஆராய்ச்சி நிலையங்களும் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவவும் இருக்கின்றன. தேயிலை என்றால் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். நேரில் போகும் முன் போன் பண்ணி, பூச்சியியல் பிரிவில் ஆள் இருக்கிறாரா, கட்டணம் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பஸ் ஏறி அரை நாள் பயணம் செய்து, "அவர் களத்துக்குப் போயிட்டார்" என்ற பதிலோடு திரும்புவது எனக்குப் பழகிப்போன ஒன்று.

10. மருந்து அடிப்பதற்கு முன்

பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளைத் திருப்பிப் பாருங்கள். உயிருள்ள புழுவையும் வெள்ளைக் கூட்டையும் தனித்தனியே எண்ணுங்கள். கூடுகள் புழுக்களுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் மருந்தைச் சில நாள் தள்ளிப் போட்டு மீண்டும் எண்ணுங்கள். புழு மட்டும் கூடிக்கொண்டே போனால் அடிக்கத்தான் வேண்டும், பயிர் உங்கள் சோறு. அப்போதும் கண்டதையெல்லாம் கொல்லும் மருந்தை விட்டு, புழுவின் வயிற்றுக்குள் போய் வேலை செய்யும் பி.டி. (Bt) வகை பக்டீரியா மருந்துகளைப் போதனாசிரியரிடம் கேளுங்கள். அவை குளவியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பறித்து எறியும் பழைய இலைகளை உடனே எரிக்காதீர்கள். ஒரு பழைய வாளியில் போட்டு, போத்தலுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே நுளம்பு வலையால் வாயைக் கட்டி, பாத்தி ஓரத்தில் நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். வலையின் ஓட்டையால் சின்னக் குளவி வெளியே வரும், அந்துப்பூச்சி உள்ளேயே கிடந்து சாகும். மழைத் தண்ணீர் தேங்காமல் வாளியின் அடியில் நாலைந்து சிறு துளை போட்டு, அதற்கும் உள்பக்கமாக ஒரு துண்டு வலையை விரித்துவிடுங்கள்.